ஆறாம் ஜாடி

"பழ ருசிதான் வேணும்னா பழத்தையே தின்னலாமேப்பா?" என்று ஒரு சிறுமி ஒருமுறை கேட்டாள். இத்தகைய கேள்விகளைக் கேட்பதால்தான் உலகெங்கும் குழந்தைகளைக் குழுக்களில் சேர்ப்பதில்லை. சிவப்பு ஒயினைத் தேர்ந்தெடுப்பது மனித அறிவு தொட்ட சிகரங்களில் ஒன்று. சிகரத்தின் அடிவாரத்தில் நின்றுகொண்டு கேள்வி கேட்பது அழகல்ல.

கேள்வி பிறந்த இடம், தண்ணீர்க் குழாய் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தேநீர் அறை. ஒயினின் பழ ருசியை விளக்கப்போய் அதை வாங்கிக் கட்டிக்கொண்டவர் சிறுமியின் தகப்பனார், அந்நிறுவனத்தின் துணை மேலாளர். அன்று பள்ளிக்கூடம் திடீரென்று விடுமுறை விட்டுவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அலுவலகத்துக்குள் குழந்தைகள் வரக் கூடாது என்பதோ இயக்குநரின் கண்டிப்பான உத்தரவு. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசலில் திருதிருவென்று விழித்தவரிடம், தேநீர் அறை அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஒயின் பெட்டிகளுக்குப் பின்னால் உட்காரவைத்து, ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தார். சாயங்காலம் பிள்ளை அழுத சத்தம் இயக்குநர் காதில் விழுந்தபோது, "ஃப்ரிட்ஜ் சார். கொஞ்ச நாளா இப்படித்தான் முனகுது" என்றார்.

மறுநாள் ஃப்ரிட்ஜைப் பார்க்க ஆள் வந்தார். எதையோ கழற்றி மாட்டிவிட்டு, இனி முனகாது என்று உறுதி கூறிச் சென்றார். ஃப்ரிட்ஜும் அவர் பேச்சைக் காப்பாற்றியது.

ஒயின் பெட்டிகள் அங்கே வந்ததற்குத் தக்க காரணம் உண்டு. நிறுவனத்தின் வெள்ளிவிழா விருந்துக்கு வெளிநாட்டுக் கூட்டாளிகள் வரவிருந்தார்கள். குழாய்கள் ஒழுகுகின்றன என்று அவர்கள் காரமாக எழுதியிருந்தார்கள். அதற்குச் சரியான பதில், திடமான, பழ ருசி முந்தி நிற்கும் ஒரு சிவப்பு ஒயின்தான் என்று இயக்குநர் கண்டுகொண்டார். ஒயின் விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. ஒரு வார இறுதிப் பயிற்சி முகாமில் வாங்கிய சான்றிதழ் அவர் தலைக்கு மேலே சட்டத்துக்குள் தொங்கியது.

'உயர்நிலைத் தேர்வுக் குழு' அமைந்தது. இயக்குநர் தலைவர். சட்ட ஆலோசகரும் விற்பனைத் தலைவரும் உறுப்பினர்கள். துணை மேலாளர் செயலாளர். அதாவது பாட்டிலைச் சுமப்பவர். பழம் முன்னே வர வேண்டும், ஊறிய ஓக் மரப் பீப்பாயின் வாசம் பின்னே வர வேண்டும், இடையில் வேறெதுவும் வரலாகாது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பரோசா, நாபா, மெண்டோசா, ரியோகா, பூலியா ஆகிய, ஒயினுக்குப் புகழ்பெற்ற வெளிநாட்டுப் பிரதேசங்களிலிருந்து ஊருக்கொரு ஒயின் பரீட்சைக்கு வந்தது. எது எந்த ஊர் என்று தெரியாமல் ருசித்தால்தான் நீதி என்பதால், அவற்றைக் கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி எண் ஒட்டினார்கள். வாயில் சுழற்றியதை விழுங்காமல் திருப்பித் துப்புவதற்கும், கோப்பையில் மிஞ்சியதைக் கொட்டுவதற்கும் இன்னொரு ஜாடி ஓரமாக இருந்தது. அதற்கு எண் கிடையாது.

தொடங்கும் முன் இயக்குநர் அறிவித்தார். ஏற்பாட்டில் சின்னப் பிசகு நேர்ந்தாலும், செய்தவர் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சிவப்புக்கு வெள்ளை ஒயின் கோப்பையை வைத்ததற்காக, போன வருடம் ஒருவர் அப்படித்தான் போனார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் அக்கா.

முதல் சுற்று முடிந்தது. குழு கருத்து வேறுபாட்டால் கனத்த முகங்களோடு இடைவேளைக்குப் போனது. அக்கா மேசையைத் துடைத்து, கோப்பைகளைக் கழுவி, ஜாடிகளை வரிசையாக அடுக்கினார். ஒன்றுக்கு மட்டும் எண் இல்லை; அது எதற்கென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. விழுந்துவிட்டது போலும் என்று, பாவம், அதற்கும் 'ஆறு' என்று எழுதி ஒட்டினார்.

ருசிப்பதுதான் குழுவின் வேலை, எண்ணுவதல்ல. இரண்டாம் சுற்றில் ஆறாம் ஜாடிக்கு வந்ததும் இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல ஏதோ ஒரு நெருக்கம் இருக்கு. ஏற்கனவே ருசிச்ச மாதிரி. வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி" என்றார்.

விற்பனைத் தலைவருக்கு நாவல்பழமும், மழை பெய்த மண்ணும், கொஞ்சம் தோல்செருப்பும் தெரிந்தன. சட்ட ஆலோசகர், பல பிரதேசங்கள் ஒரே நேரத்தில் வாதாடுவதாகவும் எல்லாத் தரப்பிலும் நியாயம் இருப்பதாகவும் கருத்துரைத்தார்.

துணை மேலாளர் கோப்பையை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டியிலிருந்து ஐந்து பாட்டில்களை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். நிமிர்ந்து பார்த்தார்; ஓரத்தில் துப்பும் ஜாடியைக் காணோம். கதவோரம் தட்டோடு நின்ற அக்காவும் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் கரண்டிகள் மெல்லக் கிணுகிணுத்தன.

"ஆறு எந்த ஊரு? சொல்லுய்யா" என்றார் இயக்குநர்.

துணை மேலாளர் பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். தினமும் காலையில் அதற்காகவே பிரார்த்திப்பவர். அன்றும் அவர் பொய் சொல்லவில்லை.

"அஞ்சு பிரதேசமும் சேர்ந்தது சார். ரொம்பச் சின்னத் தயாரிப்பு. பாட்டில்ல வராது, ஜாடியிலதான்."

"பேரு?"

"இன்னும் வைக்கலை சார். தயாரிச்சவங்க விளம்பரத்தை விரும்ப மாட்டாங்க."

"அதான்யா மகா கலைஞன்" என்று இயக்குநர் தழுதழுத்தார். விருந்துக்கு ஆறுதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. குழு எழுந்து நின்று கைதட்டியது. தயாரித்தவர்கள் தங்களுக்கே கைதட்டிக்கொண்ட காட்சி தொழில் வரலாற்றில் அரிது.

விருந்து நாளன்று துணை மேலாளர் அக்காவிடம், ஜாடி வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் நேரத்தோடு வீட்டுக்குப் போகும்படியும் சொன்னார். அக்கா போகாமல் நின்றார்.

"சார், அன்னிக்கு அந்த ஆறு..."

"ஃப்ரிட்ஜ் இப்பல்லாம் முனகுறதில்லையேக்கா?"

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார்.

கூடத்தில் இயக்குநர், ஆறாம் எண்ணின் திராட்சை விளையும் மலைச்சரிவைப் பற்றியும், அங்கே விடியற்காலையில் இறங்கும் பனியைப் பற்றியும் வர்ணித்துக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் உறிஞ்சினார்கள், தலையாட்டினார்கள், பனியும் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். குழாய்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இன்னும் கொண்டுவா, இன்னும் கொண்டுவா என்று ஆள் வந்துகொண்டே இருந்தது.

தேநீர் அறையில் துணை மேலாளர் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து ஊர்ப் பாட்டில்களையும் புதிதாகத் திறந்து ஒரே ஜாடியில் கவிழ்த்துத் தேநீர்க் கரண்டியால் கலக்கினார். விருந்து ஓய்ந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு, கூடத்திலிருந்து வந்த கோப்பைகள் அத்தனையையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்தார். காலையில் அக்கா வரும்போது தொட்டி காலியாக இருக்கும். கடைசியாக ஜாடியிலிருந்த 'ஆறு' என்ற சீட்டை உரித்து, கசக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

உயர்நிலைக் குழுவின் மூக்குகளை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். கடல் கடந்த தோட்டத்தில் என்றைக்கோ பெய்த மழையை அவை மோந்து சொல்லின. கதவோரம் தட்டோடு நடுங்கியவரின் பயம்தான், பாவம், அவற்றுக்கு எட்டவில்லை. அதில் பழம் முந்தி நிற்கவில்லை போலும்.