தங்கச்சியின் பரசூட் கவுன்

அண்டைக்கு எனக்கு ஒரேயொரு வேலை. வெள்ளவத்தையில தைச்ச கல்யாணக் கவுனை எடுத்துக்கொண்டு போய், கொட்டாஞ்சேனையில தங்கச்சியிட்டக் குடுக்கவேணும். பின்னேரம் நாலு மணிக்குச் சேர்ச்சில அவளுக்குக் கல்யாணம்.

தங்கச்சி ஜெனிக்குச் சுற்றாடல் நிறுவனம் ஒண்டில வேலை.

“ஒருநாள் கூத்துக்குப் புதுத்துணியோ? பூமி தாங்காது! மீள்சுழற்சிதான்!” எண்டிட்டாள்.

அதால கைக்கு அம்மான்ர பழைய திரைச்சீலை. மிச்சம் முழுக்க, புறக்கோட்டை நடைபாதையில வாங்கின பழைய பரசூட் துணி.

“பட்டு மாதிரி மினுங்குது பாருங்கோ தம்பி!” எண்டா டெய்லர் அக்கா.

மினுங்கினது உண்மைதான்.

ஆனா அது சண்டைக்காலம். தமிழனிட்டப் பேனாக்கத்தி இருந்தாலே நாலு கேள்வி. நான் பரசூட்டோட ஓட்டோவில போறன்!

செக்பொயின்டில மறிச்சாங்கள். ஆமிக்காரர் ஒராள் பையைத் திறந்து கவுனை உட்பக்கம் புரட்டினார். உள்ளுக்குக் கறுப்பு மையில பெரிய முத்திரை, நம்பரோட. நானே அப்பதான் கண்டனான்.

“மே மொகக்த?” இது என்னவாம்.

“கவுன், சேர்.”

“பரசூட் நே!” பரசூட்தானேயாம்.

அவர் தன்ர பெரியவரைக் கூப்பிட்டார். பெரியவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அதுதான் வில்லங்கம்.

“யார் குதிக்கிறது?”

“ஒருத்தரும் குதிக்கேல்ல, சேர். தங்கச்சி கட்டப்போறாள்.”

“எங்க கட்டுறது?”

“சேர்ச்சில, சேர்.”

“சேர்ச் மேலயா?!”

நான் அழாக்குறையா ஜெனிக்குக் கோல் எடுத்து, போனை அவரிட்டக் குடுத்தன். அவள் கவுன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும்.

அவளோ பெருமையாக் கத்தினாள்: “ஓம் சேர், பரசூட்தான்! அசல் பரசூட்!”

பெரியவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

“கவுன் எண்டால், போடு. பாப்பம்.”

நான் தொண்ணூறு கிலோ. மீசை வேற. காலி வீதி எண்ட பெருந்தெருவில, நிப்பாட்டின ரெண்டு பஸ் சனத்துக்கு முன்னால, ஷேர்ட்டுக்கு மேல கவுனை மாட்டினன். யன்னலெல்லாம் தலை!

கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினன்.

டர்ர்ர்ர்!

பெரியவர் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். “லஸ்ஸனய்! நல்ல வடிவு! போ, போ!”

சேர்ச்சுக்குப் போய்ச் சேரேக்க நாலுக்குப் பத்து நிமிசம்.

“ஜெனி, கவுன் கொஞ்சம் கிழிஞ்சு போச்சு.”

“எங்க?”

“கமக்கட்டில, கைக்குக் கீழ. ரெண்டு பக்கமும்.”

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த ஆமியே பரவாயில்லை. ஊசி தேட நேரமில்லை. அவள் உடுத்து முடியவே ஓர்கன் தொடங்கிட்டுது. ரெண்டு கையையும் உடம்போட இறுக்கிக்கொண்டு, குனிஞ்சு கிழிசலைப் பார்த்துப் பார்த்து, அடிமேல் அடி வச்சு நடந்தாள்.

எனக்குப் பின்னால இருந்த அன்ரி ஒராள் கண்ணைத் துடைச்சா: “இந்தக் காலத்தில இப்பிடி ஒரு அடக்கமான பொம்பிளையோ!”