ஒரு காசும் குறையாத பெட்டி

மனித குலம் இதுவரை கண்ட கல்விக் கருவிகளுள் தலைசிறந்தது எகிப்தின் தந்தா நகரிலுள்ள எங்கள் தொடக்கப்பள்ளியின் நாணயப் பெட்டியே என்பதை, அப்பள்ளியின் எழுத்தராகிய அடியேன் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதில் ஒரு பவுண்டு நாணயங்கள் நூறு இருந்தன. முதல் வகுப்புக் குழந்தைகள் அவற்றைத் தொட்டும் உருட்டியும் எண்ணக் கற்க வேண்டும். மாத இறுதியில் ஆய்வாளர் சோதிப்பார். குழந்தைகள் தவறினால் ஆசிரியை நஷ்வாவின் தற்காலிகப் பணி போய்விடும்.

முதல் நாளே தலைமையாசிரியர் ரிஃபஅத் வகுப்புக்கு எழுந்தருளினார்.

"நஷ்வாம்மா, இருபது காசு குடும்மா. நோட்டை நீட்டுனா மைக்ரோபஸ்காரன் கடிக்க வர்றான்."

"சார், பிள்ளைங்க எண்ணிட்டிருக்காங்க..."

"நான் என்ன திருடவா வந்தேன்? இந்தா, இருபது பவுண்டு நோட்டு. கணக்கு சரிதானே?"

மிகச் சரி. எங்கள் பள்ளியின் நேர்மை அத்தகையது. அறிவியல் ஆசிரியர் பத்து எடுத்தார், நோட்டு வைத்தார். மைத்துனரின் பெட்டிக்கடையில் மீதிக்குச் சூயிங்கம் தரும் அவலத்தைத் துடைக்க, உடற்பயிற்சி ஆசிரியர் ஐம்பது எடுத்தார், நோட்டு வைத்தார். பிறகு ஒரு நாள் பெட்டியில் மூன்று ஐந்து பவுண்டு நோட்டுகள் முளைத்திருந்தன. வைத்தவர் யார் என்பது இங்கே தேவையற்றது.

இத்தகைய அரும்பொருளை யாரேனும் செலவழிப்பார்களா? அனைவரும் காசுகளைச் சட்டைப்பையிலேயே போற்றிக் காத்தனர். வராண்டாவில் பெரியோர் நடந்தால் கோயில் மணிகள் தோற்றன. நஷ்வாவோ குழந்தைகளிடம், "பெட்டியை விடுங்கடா, காதைத் தீட்டுங்க" என்றாராம்.

ஆய்வாளர் வந்தார். வந்ததும், "அஞ்சு காசு இருக்குமாம்மா? திரும்பிப் போகணும்" என்று கடைசி ஐந்தையும் வாங்கிக்கொண்டு நோட்டு வைத்தார். பின்னர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கடுமையாக வினவினார்: "எங்கம்மா காசு?"

"கொஞ்சம் நடந்து காட்டுங்க சார்."

"நடக்கணுமா?"

நான்கடி நடந்தார்.

"அஞ்சு!" என்று கூவினாள் ஆறு வயது ருவைதா.

உடன் வந்திருந்த தலைமையாசிரியர் நழுவினார். "இருபது!" என்றது வகுப்பு. அறிவியல் ஆசிரியர் பின்தொடர, "பத்து!" என்றது. சன்னலுக்கு வெளியே உடற்பயிற்சி ஆசிரியர் ஓட்டமெடுத்தார்.

"அம்பது! இல்ல மிஸ், கீழ விழுது! நாப்பத்தொம்பது... நாப்பத்தெட்டு... சார், மெதுவா ஓடுங்க!"

ஆய்வாளர் தம்மை மறந்து கைதட்டிவிட்டார். பேனாவைத் திறந்ததும் நினைவு திரும்பியது. குழந்தைகள் எண்ணினார்கள் என்று எழுதினால், காசு எங்கிருந்தது என்றும் எழுத வேண்டுமே! ஆகவே எழுதினார்: 'இவ்வகுப்பு நாணயத்தையே கண்டதில்லை. ஆசிரியையே பொறுப்பு.'

"எழுத்தரே, வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

நஷ்வா என்னைப் பார்த்தார். காலையிலிருந்தே மூலையில் மூச்சும் விடாமல் நின்றிருந்த நான், மேசையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தேன்.

"மிஸ்! மிச்சப் பதினஞ்சு இவர்கிட்ட!"

கையெழுத்தைத் தெளிவாகவே இட்டேன். பெட்டியையும் சரிபார்த்தேன்: நூறு பவுண்டு, ஒரு காசும் குறையவில்லை. பள்ளியில்தான் ஓர் ஆசிரியை குறைந்தார்.