எறும்புச் சித்தரின் தட்டு

1994-ல் கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு புட்டி இருந்தது. உள்ளே என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லார் புட்டியிலும் அதேதான். விடிந்ததும் பிடித்த சிறுநீர்.

புட்டிகள் போய்ச் சேர்ந்த இடம் ஒரு தென்னந்தோப்பு. அங்கே எறும்புச் சித்தர் வீற்றிருந்தார். சர்க்கரை வியாதியை எறும்பை வைத்துக் கண்டுபிடித்து, கசாயத்தை வைத்து விரட்டுகிறவர். "டாக்டர் பொய் சொல்லுவான், மிஷினு பொய் சொல்லும், எறும்பு பொய் சொல்லுமா?" என்பார். "சொல்லாதுங்க சாமி!" என்று கூட்டம் கத்தும். அடடா, எறும்பின் நாணயத்தில் நம் ஜனங்களுக்கு எத்தனை நம்பிக்கை!

அந்தக் கத்தலில் உரத்த குரல் துடியலூர் சுந்தரராஜுலுவுடையது. பம்ப்செட் பட்டறை முதலாளி. தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் ஒரு மோட்டாரைக்கூட விற்றதில்லை என்று மார்தட்டுகிறவர். அப்பேர்ப்பட்ட மகா கெட்டிக்காரர் சர்க்கரை வியாதி வந்த தன் உடம்பை மட்டும் எறும்பிடம் ஒப்படைத்திருந்தார்.

முதல் நாள் சித்தர் புட்டியைத் தட்டில் கவிழ்த்ததும் எறும்புகள் மொய்த்துவிட்டன. முதல் நாள் யாருக்குத்தான் மொய்க்கவில்லை? சும்மா துணைக்குப் போன ஆணிக்கடை அப்துல் குத்தூஸுக்கும் மொய்த்தது. "இங்கிலீசு மாத்திரையை நிறுத்து. ஒரு மண்டலம் கசாயம் குடி" என்று உத்தரவானது. குத்தூஸ் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். சுந்தரராஜுலு நிறுத்தினார், குடித்தார். வாரத்துக்கு வாரம் அவர் தட்டில் எறும்பு குறைந்தது. இடதுகால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் மட்டும் பெரிதானது.

"இது சக்கரைப் புண்ணுங்க" என்றார் மனைவி ரங்கநாயகி.

"சக்கரைதான் போயிருச்சே அம்மணி! இது வேற புண்ணு."

"போயிருச்சுன்னா நம்மூட்டுப் பாத்ரூம்ல ஏனுங்க எறும்பு சாரை சாரையா நிக்குது?"

"அதுகளுக்கு என்ன தெரியும்? சித்தரோட எறும்புக்கு ஞானம் இருக்குது."

"ஊட்டு எறும்புக்கு ஒரு நாக்கு, தோப்பு எறும்புக்கு ஒரு நாக்குங்களா?"

பதில் இல்லாத புருஷர்கள் செய்வதைத்தான் சுந்தரராஜுலுவும் செய்தார். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். அப்போதே மனசுக்குள் உறுத்தியது என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். ஆனால், இத்தனை நாள் அந்தக் கண்றாவியைக் குடித்த பிறகு நம்பாமல் இருந்தால் குடித்ததெல்லாம் வீணாகுமே!

நாற்பத்தெட்டாம் நாள். குணமானவர் என்று மேடையில் அறிவிக்கப்போகிறார்கள். "நானும் வாரனுங்க. புட்டிய நானே எடுத்துட்டு வாரேன்" என்றார் ரங்கநாயகி. ஒருவழியாக இவளுக்கும் பக்தி வந்துவிட்டதே என்று அவருக்குக் கண்ணே கலங்கியது. குத்தூஸும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்.

சித்தர் பாதிப் புட்டியைத் தட்டில் ஊற்றினார். எறும்புகள் தட்டின் விளிம்புவரை வந்தன. முகர்ந்தன. திரும்பிப் போயின.

"சர்க்கரை அறவே இல்லை!"

கூட்டம் கைதட்டியது. சுந்தரராஜுலு கும்பிட்டார். ரங்கநாயகி சித்தர் கையிலிருந்து புட்டியை வாங்கி, அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தார்.

"ஐயய்யோ, அம்மணி!" சுந்தரராஜுலு அலறிவிட்டார். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவருக்கு.

"கத்தாதீங்க. பால் ஊத்தாத டீத்தண்ணி. அஞ்சு ஸ்பூன் சக்கரை போட்டேன்." சித்தர் பக்கம் திரும்பினார். "சாமி, இதுல சக்கரை அறவே இல்லீங்களா?"

ரங்கநாயகி மிச்சத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் ஊற்றினார். வெற்றிலை போடும் நேரம்தான். ஞானமுள்ள எறும்புகள் எல்லாம் அங்கே கூடிவிட்டன. தட்டு விளிம்பைக் குத்தூஸ் விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளைத் தூள்.

"எறும்ப வெரட்டற சாக்பீஸுங்க! எங்க கடையில டஜன் டஜனா விக்கறனே!"

புதுசாய் வருகிறவர்களுக்கு வைக்கும் தட்டுகளை யாரோ எடுத்து நக்கிப் பார்த்தார்கள். வெல்லப் பாகு. "சித்த இருங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்த சித்தர் வேலியைத் தாண்டி ஓடினார். பாவம், அவசரத்தில் புட்டி எடுத்துப் போகவில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி. ரத்தத்தில் சர்க்கரை நானூறு. சுண்டுவிரல் கறுத்திருந்தது. "இன்னும் பத்து நாள் போயிருந்தா பாதத்தையே எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். விரலோடு போயிற்று. கட்டுப் போட்ட காலைப் பார்த்துச் சுந்தரராஜுலு குலுங்கிக் குலுங்கி அழுதார். வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

ஆறு மாதத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. விஷயம் தெரிந்து ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள்.

"எந்தச் சாமிகிட்டப் போனீங்க?"

"லேபுக்குப் போயி வெறும் வயித்துல ரத்தம் குடுத்தனுங்க. மாத்திரை விடாம முழுங்கறேன். ரெண்டு தட்டுச் சோத்த ஒண்ணாக்கிப்போட்டேன். தினமும் நடக்கறேன்."

"அவ்வளவுதானுங்களா?" வந்தவர்கள் முகம் தொங்கிப் போகும். இதில் அற்புதம் ஒன்றும் இல்லையே!

"வேற ஒரு எடமும் இருக்குதுங்க" என்பார் சுந்தரராஜுலு. அவர்கள் ஆவலாய்க் குனிவார்கள். அவர் தன் மண்டையைத் தட்டிக் காட்டுவார்.

"இங்க கூட்டமே இல்லீங்க. நான் ஒரு வெரல் குடுத்துத்தான் வழி கண்டுபுடிச்சேன். நீங்களாச்சும் சும்மா போயிப் பாருங்க."