நாற்பத்தொரு கமலாக்களும் ஒரு முன்னுரையும்

ஒரே நிகழ்ச்சிக்கு எங்கள் சுற்றத்தாரிடையே இன்று ஏழு பாடவேறுபாடுகள் வழங்குகின்றன. காலாப்பட்டில் வாழும் சம்பந்தி வீட்டார் சொல்லும் பாடத்தில் நான் மேடையிலிருந்து விழுகிறேன். (விழவில்லை. மேடையில் ஏறவே இல்லை.) என் மைத்துனர் சொல்லும் பாடத்தில் ஒலிபெருக்கி தீப்பற்றுகிறது. என் பேரன் சொல்லும் பாடத்தில் காவல்துறை வருகிறது. அவனோ அன்று பிறக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் கல்லூரியில் தமிழ் கற்பித்து, பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த ஒருவனின் சொந்த வாழ்க்கையிலேயே மூலபாடம் இவ்வாறு சிதைவது பொறுக்கத்தக்கதன்று. ஆகவே, நடந்ததை நடந்தவாறே எழுதிவைக்கும் கடமை என்னைச் சேர்ந்துள்ளது. குற்றவாளி நான்தான் என்பதில் ஏழு பாடங்களும் ஒத்துப்போகின்றன. அதை நானும் திருத்தப் போவதில்லை.

குற்றத்தின் வேர், நான் பெண் பார்க்கச் சென்ற நாளில் இருக்கிறது. முத்தியால்பேட்டையில் கமலாவின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தோம். பாடச் சொன்னார்கள். இரண்டடி பாடினாள். நான் கையை உயர்த்தி நிறுத்தி, அவ்விரண்டடியில் பொதிந்திருந்த பொருள்நயத்தைக் கால்மணி நேரம் விளக்கினேன். (கேசரி ஆறிப்போயிற்று என்பது அவ்வீட்டாரின் நிலையான குறை.) விளக்கி முடித்து நிமிர்ந்தபோது பாட வேண்டியவள் அங்கில்லை, சமையலறைக்குப் போய்விட்டிருந்தாள். திருமணம் எப்படியோ நடந்துவிட்டது. ஆனால் அன்றுதொட்டு ஏறத்தாழ முப்பதாண்டுகள் கமலா நாலுபேர் முன்னிலையில் பாடவில்லை. அடுப்பருகே பாடுவாள், என் செருப்போசை கேட்டால் நிறுத்திவிடுவாள்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஆறேழு ஆண்டுகள் கழிந்திருந்த காலம். எங்கள் ஒரே மகள் யாழ்மொழிக்குத் திருமணம் உறுதியாயிற்று. கமலாவின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணமகளுக்கு நலங்கு வைக்கும்போது, கன்னத்தில் மஞ்சள் பூசியபடி பெற்ற தாய் பாட வேண்டும். பாட்டும் அக்குடும்பத்துக்கே உரியது. கமலாவுக்கு அவள் தாய் பாடியிருக்கிறார்.

என் மைத்துனர் ஆறுமுகம் இதைக் கேட்கவே வந்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மகிழ்ச்சிக்கும் சினத்துக்கும் பிரெஞ்சு மொழியையே நாடுவார்.

"இன்னாம்மா, நலங்குக்குப் பாடுவியா, மாட்டியா?"

"மாட்டேண்ணே. நான் வாயத் தொறந்தா இவரு கையத் தூக்குவாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தாயின் பாட்டு என் கையால் அறுபட்டிருக்கிறது என்பதை அந்நாள்வரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஆயினும், தவறை ஒப்புக்கொள்வதைவிடப் புதுக்கலை ஒன்றைக் கற்றுக்கொள்வது எனக்கு எப்போதும் எளிது.

"கவலை வேண்டா. உன் பாட்டைத் தனியே பதிவுசெய்து, இசை கூட்டி, நலங்கன்று ஒலிக்கச் செய்வோம். அப்பணி முழுவதையும் நானே கற்றுச் செய்வேன்" என்றேன்.

"மோன் தியே!" என்று மைத்துனர் நெற்றியில் அறைந்துகொண்டார். (கடவுளை அழைக்கிறார்.) "மாப்ள, கேசட்டத் திருப்பிப் போடறதுக்கே பக்கத்து வீட்டுல கூப்புடுவீங்க!"

கமலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, பாடறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு எம்பொண்ணு காதுல என் குரல்தான் விழணும். உங்க குரல் விழக்கூடாது."

உறுதி கூறினேன். அந்த உறுதிமொழியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன், நான் வைக்கவில்லை.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறம், பூசைப்பொருள் கடை ஒன்றன் மாடியில், உரோசி என்னும் நங்கை சிறிய ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தாள். தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவள். தொடக்கநிலையினர்க்குக் கணினியில் இசையமைக்கவும் கற்றுக்கொடுத்தாள். அவளிடம் மாணவனாகச் சேர்ந்தேன். உடன் பயின்ற மூவரின் வயதைக் கூட்டினாலும் என் வயதை எட்டுமா என்பது ஐயமே.

முதல் நாளே குறிப்பேட்டில் கலைச்சொற்களை வகுத்துவிட்டேன். ஒவ்வொரு குரலும் கருவியும் கணினித் திரையில் தனித்தனிக் கோடாக ஓடும், அது 'தடம்'. ஒரு தடத்தை அழிக்காமல் ஓசை மட்டும் வெளிவராதபடி அடக்கிவைக்கும் பொத்தான் 'வாய்ப்பூட்டு'. சொற்கள் அனைத்தும் எனக்கு வசமாயின. கைதான் வசமாகவில்லை. பாடுகிறவருக்கு வேகம் தவறாதிருக்க, காதில் 'டிக் டிக்' என்று ஓர் ஓசை வைப்பார்கள். அதைத் தொடர்ந்து நான் கைதட்ட வேண்டும் என்பது முதற்பயிற்சி.

"சார், அது உங்களத் தொரத்தல. நீங்க ஏன் ஓடறீங்க?" என்றாள் உரோசி.

எதிரொலி சேர்க்கும் கருவியைக் கண்டதும் எனக்கு அளவு தெரியாமற் போயிற்று. கமலா பாடிய முதல் நான்கு அடிகளுக்கு அதைத் தாராளமாக வழங்கினேன். கேட்டுப் பார்த்த கமலா, "நான் கெணத்துல வுழுந்துட்டு ஆளக் கூப்புடற மாதிரி இருக்குது" என்றாள்.

பதிவு பல நாள் நடந்தது. மீனங்காடியின் கூச்சல் வராமலிருக்கச் சன்னலை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்தி, வியர்வையில் நனைந்தபடி கமலா பாடுவாள். அக்குடும்பப் பாட்டு இவ்வாறு தொடங்கும்:

மஞ்ச கொழச்சி வச்சேன் மடியில வந்து குந்தும்மா,
கொஞ்சம் பொறு கண்ணே கூந்தல் இன்னும் காயலியே.

கொச்சை மலிந்த இப்பாட்டை நான் திருத்தியிருந்தேன். 'மஞ்சள் குழைத்துவைத்தேன் மடிமீது அமர்ந்தருள்க' என்பது என் பாடம். கமலா பழக்கத்தில் 'குந்தும்மா' என்பாள். நான் கையை உயர்த்தி, "நிறுத்து!" என்பேன். மீண்டும் முதலிலிருந்து. அவள் 'அமர்ந்தருள்க' என்று சரியாகப் பாடினால், அதில் அருள் போதவில்லை என்று நிறுத்துவேன். இப்படியே நாற்பத்தொரு முறை.

"சார், நீங்க பேசறதும் பதிவாவுது சார்."

"பேசவில்லையம்மா. திருத்துகிறேன்."

"அதுவும் பதிவாவுது சார்."

நாற்பத்திரண்டாம் முறை தொடங்குமுன், உரோசி என்னைக் கீழே அங்காடிக்கு அனுப்பி இரண்டு முழம் மல்லிகை வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வருவதற்குள் பாட்டு முழுதாகப் பதிவாகியிருந்தது. (மல்லிகை எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை.)

"மத்த நாப்பத்தொண்ணையும் அழிச்சிடவா சார்?"

நான் பதறிப்போனேன். ஒரு சுவடியின் பாடவேறுபாடுகளை எந்தப் பதிப்பாசிரியனாவது அழிப்பானா? பிழையான பாடத்தையும் அடிக்குறிப்பில் காப்பதன்றோ எங்கள் மரபு! "அழிக்காதே, வாய்ப்பூட்டு இடு" என்றேன். அவளும் நாற்பத்தொரு தடத்துக்கும் பூட்டிட்டு, நல்லதொன்றை மட்டும் வீணையிசையோடு கலந்து, குறுவட்டாக்கித் தந்தாள். நான் கேட்டதற்காக, தடங்கள் அடங்கிய கோப்பையும் வேறொரு வட்டில் கொடுத்தாள். இந்த இடத்திலேயே நான் ஓய்ந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

நலங்குக்கு முந்திய நாள் காலையில் ஒன்று உறுத்தியது. இவ்வளவு பாடுபட்ட பதிப்புக்கு முன்னுரை இல்லையே! மகளின் கணினியில் கோப்பைத் திறந்தேன். மூன்று நிமிடப் பாட்டுக்கு நான்கு நிமிட முன்னுரை ஒன்றை என் குரலிலேயே பதிந்து முன்னால் சேர்த்தேன். கமலாவுக்குத் தந்த உறுதி? முன்னுரை பாட்டாகாது என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். பாடவேறுபாடுகள் ஒன்றும் விடுபடவில்லையே என்று சரிபார்க்க, ஒவ்வொரு பூட்டாகத் திறந்து, அத்தடத்தின் முதலடியை மட்டும் தனியே கேட்டேன். எல்லாம் இருந்தன. மனநிறைவோடு புதிய குறுவட்டில் ஏற்றினேன். திரும்பப் பூட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. வட்டு சரியாக ஒலிக்கிறதா என்று தவறாமல் சோதித்தேன். என் முன்னுரை முழுவதையும் மெய்மறந்து கேட்டேன். அது முடிந்ததும் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் மாலை ஐந்து மணி. திருமண மண்டபத்தில் யாழ்மொழி மணையில் அமர்ந்திருந்தாள். கமலா மஞ்சட் கிண்ணத்தைக் கையிலெடுத்தாள். நான் ஒலிபெருக்கிக்காரருக்குச் சைகை காட்டினேன்.

"அவையோர்க்கு வணக்கம்" என்று மண்டபமெங்கும் என் குரல் முழங்கியது.

கமலா திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குச் சொல் வளம் போதாது. முன்னுரை இரண்டாம் நிமிடத்தில் நலங்கின் தோற்றத்தை ஆராய்ந்தது. மூன்றாம் நிமிடத்தில் சம்பந்தியம்மாள், "பாட்டு எப்ப வரும்?" என்று வெளிப்படையாகவே கேட்டார்.

வந்தது. நாற்பத்திரண்டு கமலாக்கள் ஒரே நொடியில் வாய் திறந்தார்கள். பாதிப் பேர் குந்தச் சொன்னார்கள். பாதிப் பேர் அமர்ந்தருளச் சொன்னார்கள். ஒருத்தி கிணற்றுக்குள்ளிருந்து கூவினாள். இடையிடையே என் குரல் எல்லாத் திசையிலிருந்தும் "நிறுத்து! நிறுத்து!" என்று அலறியது. பெரிய மார்க்கெட்டின் மீனங்காடி வண்டியேறி மண்டபத்துக்கே வந்துவிட்டது போலிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் அந்தக் கட்டளை தமக்கென்று எண்ணி எந்திரத்தைத் தட்டினார்; பதற்றத்தில் ஓசை கூடிற்று.

நான் நிறுத்திய இடங்களில் தடங்கள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. பேரிரைச்சல் மெல்லத் தேய்ந்தது. நாற்பத்தோராவது பதிவின் கடைப்பகுதியில், நான் மல்லிகை வாங்கக் கீழிறங்கியபின், ஒலிவாங்கி திறந்திருப்பது அறியாமல் உரோசியிடம் கமலா சொன்னது, நல்ல பதிவின் இரண்டு அடிகளுக்கு இடையே, வீணையிசையின் மேல் தெள்ளத் தெளிவாகக் கேட்டது:

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கும் இந்த மனுசன் இப்பிடித்தாம்மா கையத் தூக்கனாரு. பாட்டே அன்னியோட போச்சு."

அப்போதுதான் ஒலிபெருக்கிக்காரர் மின்கம்பியைப் பிடுங்கி, குறுவட்டு எந்திரத்தை மட்டும் அணைத்தார்.

மணையிலிருந்த மகள் என்னைப் பார்த்தாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, மஞ்சள் காணாத கன்னத்தோடு, "நீ பாடும்மா" என்றாள்.

கமலா எழுந்தாள். நேரே நடந்துபோய் ஒலிபெருக்கிக்காரரிடம் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். ஒரு கையில் அதுவும் மறுகையில் மஞ்சளுமாக மகளருகே அமர்ந்து, முப்பதாண்டுக்குப் பின் நாலுபேர் முன்னிலையில், நானூறு பேர் முன்னிலையில், பாடினாள்.

'மஞ்ச கொழச்சி வச்சேன், மடியில வந்து குந்தும்மா.'

குந்தும்மா! என் கை தானாக எழுந்தது. பாதி உயரம்கூடச் சென்றிருக்காது. பக்கத்திலிருந்த மைத்துனர் அதைப் பற்றி இழுத்துத் தம் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். படைவீரர் கனம். பாட்டு முடியும்வரை நான் அசையவில்லை, பேசவில்லை. 'கூந்தல் இன்னும் காயலியே' என்ற இடத்தில் அவள் குரல் மகளின் காதருகே தாழ்ந்து, மீண்டும் நிமிர்ந்து மண்டபம் முழுவதும் நிறைந்தது. அப்பாட்டில் 'அமர்ந்தருள்க' எவ்வளவு பெரிய அபத்தம் என்பதை நானே உணர்ந்தேன். மகளின் கன்னத்தில் மஞ்சளும் கண்ணீரும் கலந்து வழிந்தன. என் கன்னத்தில் மஞ்சள் இல்லை.

கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. "பிராவோ! பிராவோ!" என்று மைத்துனர் எழுந்து நின்று கத்தியபோதுதான் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது. சம்பந்தியம்மாள் கமலாவைக் கட்டிக்கொண்டு, "எங்க சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கும் நீங்கதான் பாடணும்" என்றார். நானும் அருகில் சென்றேன். பாராட்ட வாய் திறந்தேன்.

"முன்னுரையா?" என்றாள் கமலா.

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் எவராவது ஒருவர் பேச்சில் குறுக்கிட்டால், இந்த ஒரு சொல்லே மருந்து. என் பேரன் ஒருபடி மேலே போய், நான் வாயெடுக்கும்போதே விரலால் என் மார்பில் ஓர் இல்லாத பொத்தானை அழுத்துகிறான். வாய்ப்பூட்டாம். ஆக, நான் ஆக்கிய கலைச்சொற்களுள் ஒன்றாவது வழக்கில் நிலைபெற்றுவிட்டது.

இசைப்பதிவையும் நான் கைவிடவில்லை. உரோசியிடம் மறுபடி சேர்ந்து முறையாகக் கற்றேன். கமலாவின் பாட்டை மீண்டும் பதிந்தேன், ஒலிப்பதிவறைக் கண்ணாடிக்கு இப்புறம் அமர்ந்து, ஒரே முறை, ஒரே தடத்தில். பதியுமுன் மறவாமல் மல்லிகை வாங்கிச் சென்றேன். நலங்கன்று ஒலித்த வட்டையும் உரோசி என்னிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டாள். புதிதாகச் சேருவோர்க்கு அதுதான் முதற்பாடமாம். என் பதிப்புகளுள் இவ்வளவு பேரைச் சென்றடைந்தது வேறொன்றில்லை. கமலாவோ இன்று காலாப்பட்டு முதல் கனகசெட்டிக்குளம் வரை சம்பந்தி வழியில் எவர் வீட்டு நலங்கென்றாலும் அழைக்கப்படுகிறாள். அவளுடைய வெந்நீர்க் குடுவையைத் தூக்கிச் செல்லும் பேறு எனக்கு.

இதுவே மூலபாடம். பெயரிலோ முறையிலோ இசைக்கலையின் நுணுக்கத்திலோ யான் பிழைத்திருப்பின், அறிந்தோர் அன்புகூர்ந்து சுட்டித் திருத்துக, நன்றியோடு ஏற்பேன். ஒன்று மட்டும் வேண்டுகிறேன். இதை எழுதி முடிக்கும் இவ்வேளையில் கமலா உள்ளே பாடிக்கொண்டிருக்கிறாள். என் செருப்போசை கேட்டும் நிறுத்தவில்லை. பாட்டு முடியட்டும், பிறகு திருத்துங்கள்.