கசக்காத ஒரு கப் டீ

பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது டீ மாதிரி இல்லை. கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் மாதிரி இருந்தது.

அரைப்புள்ளி ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணில் நீர் முட்டியது. கசப்பா, அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்துகிற உத்தியோகம். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். உத்தியோகத்தை அச்சகத்தோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டிலும் மனைவி போடுகிற டீயைத் தினமும் திருத்தினார். "சாயம் இறங்கல." "இலை ரொம்ப ஊறிடுச்சு." "மணமே இல்லையே." போன வாரம் அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று காலையில்தான் ஃபோன் வந்தது.

"சாயங்காலம் வர்றேன். உங்க கையால ஒரு டீ போட்டு வைங்க. வாயில வைக்கிற மாதிரி இருந்தா இருப்பேன். இல்லேன்னா மிச்சத் துணிமணியையும் எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்."

"டீ போடுறது என்ன பெரிய வித்தையா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

கசப்பைக் குறைக்க வெந்நீர் ஊற்றினார். கசப்பு அசையவில்லை, நிறம் மட்டும் ஓடிப்போனது. நிறத்துக்காக இன்னொரு கைப்பிடி இலை போட்டார். கசப்பு இரட்டித்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தார். புளிப்பு வந்து கசப்போடு கூட்டுச் சேர்ந்தது. இரண்டையும் அடக்கப் பாலை ஊற்றினார். பால் திரிந்தது.

எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார். இலைகள் போய் அடைத்துக்கொண்டன. கரண்டிக் காம்பால் குத்தினார். தொட்டிக்கு அடியிலிருந்த குழாய் கழன்று, பழுப்புத் தண்ணீர் அவர் முழங்கால்வரை நனைத்தது.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி காலமெல்லாம் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். குற்றம் சொன்னால் கேட்கக்கூட ஆள் இருக்காது.

கடைசியில் மானத்தை விட்டுக் கீழ்வீட்டுத் தையல்காரியின் கதவைத் தட்டினார். அவள் முழங்கைவரை மாவோடு எட்டிப்பார்த்தாள்.

"என்ன சார், கால்ல சேறு?"

"டீ."

"ஐயையோ!"

"ஒரு ஃப்ளாஸ்க் நல்ல டீ வேணும்மா. என் குடும்பமே அதுலதான் இருக்கு."

அவள் ஒரு நிமிடம் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "மேல போங்க சார். கொண்டுவந்து வைக்கிறேன்."

சொன்னபடி ஃப்ளாஸ்க் வந்தது. மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் மணந்தது. அவர் கப்புகளில் ஊற்றி முடிக்கவும் மனைவி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

"நீங்களா போட்டீங்க?"

"பின்னே யாரு?" தானும் ஒரு வாய் குடித்தார். உயிர் திரும்பியது, கூடவே பழைய அரைப்புள்ளியும் எழுந்து உட்கார்ந்தார். "மணத்தைப் பாரு, நிறத்தைப் பாரு! டீன்னா இது டீ. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது உன் கைக்கு இந்தப் பதம் வந்துதா?"

அவள் மிச்ச டீயையும் நிதானமாகக் குடித்து முடித்தாள். கோபப்படவே இல்லை.

அப்போது தையல்காரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, பெட்டியை எங்க வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களே! நல்லவேளை, நீங்க அங்க இருந்தீங்க. என் கையெல்லாம் மாவு, இல்லேன்னா சாருக்கு யாரு டீ போட்டுக் கொடுத்திருப்பா?"