தங்கையின் லாரியில் நான் கிளீனராகப் போன விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்கால் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். கடல் காற்றும் கப்பல் சமையலறை வெக்கையும் தங்கள் உடம்பைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். இது தங்கள் கைக்கு வரும்போது கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்குமோ தெரியாது. எங்கே நின்றாலும் சரி, படித்து முடித்ததும் முதல் காரியமாகத் தங்கள் மனைவிக்கு, அதாவது என் தங்கைக்கு, லாரி வேலை வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறேன். நான் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஆறு வருடம் அவள் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டியது தாங்கள் அறிந்ததே. அம்மா படுக்கையில் விழுந்ததும் அதை விட்டாள். ஒன்பது வருடம். அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. சும்மா இருந்த கை சும்மா இருக்கவில்லை, வாரத்துக்கு மூன்று நாள் “கிளாசுக்குப் போறேண்ணா” என்று கிளம்பினாள். பெண்பிள்ளை நாற்பத்தாறு வயதில் கிளாசுக்குப் போகிறாள் என்றால் தையலாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டி, நல்லதாக ஒரு கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். கனரக வாகன உரிமம் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தங்களுக்கு முன்பே தெரியுமாம், தாங்கள் கப்பலிலிருந்தே “தாராளமா ஓட்டு” என்று சொல்லிவிட்டீர்களாம். பெரியவன் என்று ஒருவன் இங்கே உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்கும் மறந்து போயிற்று. போகட்டும்.

நேர்முகத்துக்குத் தனியாக அனுப்புவது முறையல்ல என்று நானும் கூடப் போனேன். சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி, தகரக் கூரை போட்ட அறை, சுவரில் டயர் அளவுகளைக் காட்டும் ஒரு படம், ஒரு பலகை நிறைய சாவி. மேலாளர் ஒரு அம்மாள், என்னைவிட இளையவர், பேனாவைக் காதில் செருகியிருந்தார். வழியெல்லாம் நான் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: வேலையில்லாத ஒன்பது வருட இடைவெளியைப் பற்றிக் கேட்டால் “குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்று சொல், அதற்கு மேல் ஒரு எழுத்து வேண்டாம். முப்பத்தைந்து வருடம் ஆவணக் காப்பகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன் சொல்கிறேன், அந்த மூன்று சொல்லுக்குள் எதையும் வைத்துப் பூட்டலாம். மேலாளர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, ஒன்பது வருஷம் என்ன பண்ணீங்க என்று கேட்டார்.

“எங்கம்மாவைப் பார்த்துக்கிட்டேன்” என்றாள் தங்கை. “திருப்பிப் படுக்க வைக்கணும், தூக்கி உட்கார வைக்கணும், கொஞ்சம் அதிர்ந்தாலும் அவங்களுக்கு வலிக்கும். அலுங்காம குலுங்காம ஒண்ணை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக எனக்குத் தெரியும்.”

மேலாளர் காதிலிருந்த பேனாவை எடுத்தார். வீட்ல வேற யாரும் இல்லையா என்று கேட்டார்.

“அண்ணன் இருக்காரு. அவருக்கு ஆபீஸ் இருந்துச்சு.”

குத்திக்காட்டவில்லை மாப்பிள்ளை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் அந்த டயர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற நாளில் மேடையில் என்னைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும், கடைசிப் பத்து வருடம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மனிதர் என்றுதான் புகழ்ந்தார்கள். கை தட்டினார்கள். நானும் கும்பிட்டேன். அம்மா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் பழம் வாங்கிக்கொண்டு போனவன் நான், கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தவனும் நான்தான். இதையெல்லாம் தங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் புது டிரைவர் முதல் நடையில் ஒரு கிளீனரோடுதான் போக வேண்டும் என்பது கம்பெனி விதி. அன்றைக்குப் பார்த்து கிளீனர் யாரும் இல்லை, சரக்கோ அன்றே போக வேண்டும். மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விதி என்றால் எனக்கு உயிர் என்பது தாங்கள் அறிந்ததே, ஆபீஸில் எனக்கு “விதிப்புத்தகம்” என்றே பெயர். படிவத்தில் பதவி என்ற கட்டத்தில் “கிளீனர்” என்று எழுதி, கண்காணிப்பாளராக இருந்தபோது போட்ட அதே கையெழுத்தைப் போட்டேன்.

சரக்கு என்ன தெரியுமா, கண்ணாடி. ஆளுயரப் பலகைகள் நாற்பது. புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நான்கு மணிக்குள். அதற்கு மேல் இறக்கும் ஆட்களும் கிரேனும் நிற்க மாட்டார்கள். லாரியில் ஏற மூன்று படி. எந்தக் காலை முதலில் வைப்பது என்று யாரும் சொல்லவில்லை, தப்புக் காலை வைத்துத் திரும்பிய வாக்கில் ஏறி, இருக்கைக்கு மண்டியிட்டபடி போய்ச் சேர்ந்தேன். முழங்கால் அப்போது போனதுதான். பிறகு எடைமேடை. லாரியைச் சரியாக நிறுத்தியிருக்கிறாளா என்று பார்க்க இறங்கியவன் மேடையிலேயே நின்றுவிட்டேன். எடை கூடுதலாகக் காட்டுகிறது என்று ஆளாளுக்குச் சரக்கைச் சந்தேகப்பட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சந்தேகப்பட்டேன். என்னை நகரச் சொன்ன பிறகுதான் கணக்கு நேரானது. அதை விடுங்கள், வெளிவாசலில் பின்னால் நின்று வழி காட்டும் பொறுப்பு எனக்கு. மற்ற கிளீனர்கள் “வா, வா, போதும்” என்பார்களாம். எனக்கு அப்படி ஒரு பெண்பிள்ளையை, அதுவும் பணியில் இருப்பவளை, கூப்பிட்டுப் பழக்கமில்லை. “இன்னும் சற்றே பின்னோக்கி வரலாம், ஆயினும் இடப்புறத்தில் உள்ள கம்பத்தைக் கருத்தில் கொண்டு” என்று ஆரம்பித்தேன். “நிறுத்தவும்” என்ற சொல் வருவதற்குள் கம்பம் சாய்ந்துவிட்டது. வினைமுற்று கடைசியில் வருவது நம் பாஷையின் குற்றம், என் குற்றமில்லை. தங்கை இறங்கி வந்து கம்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கம்பத்தின்மேல் மோதியது தான்தான் என்று வாசல்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினாள்.

நெடுஞ்சாலையில் ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் திடீரென நின்றது. அவள் பதறவில்லை. பிரேக்கை மிதித்தது தெரியாமல் மிதித்தாள், லாரி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, ஒரு பலகைகூடச் சத்தம் போடவில்லை. அவளுடைய ஒரு கை மட்டும் என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து என்னைப் பிடித்திருந்தது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்கும்போது முன்னால் சரியாமல் இப்படித்தான் பிடிப்பாள். கொஞ்ச தூரம் போனதும், என்மேல் கோபமா என்று கேட்டேன். பக்கக் கண்ணாடியில் பின்னால் பைக் வருகிறதா பார்க்கச் சொன்னாள். வரவில்லை என்றேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அப்போ இருந்துச்சுண்ணா. ஆனா கோபப்பட நேரம் இல்ல. நேரம் கிடைச்சப்போ கோபத்தைக் காணோம்.”

நான் மறுபடியும் பக்கக் கண்ணாடியில் பைக்கைத் தேடினேன்.

டீசல் போடும் இடத்தில் முகம் கழுவ இறங்கினேன். திரும்பி வந்து ஏறி, மனசு சரியில்லாததால் இருக்கையில் கிடந்த போர்வையை இழுத்துக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டேன். லாரி கிளம்பியது. கண் விழித்தபோது பக்கத்தில் மீசை வைத்த ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் லாரிக்கு இருந்த அதே நீல நிறம் மாப்பிள்ளை, யாருக்கும் வரக்கூடிய தவறுதான். அவருக்கும் என்னை அப்போதுதான் தெரிந்தது, தன் கிளீனர்தான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குகிறான் என்று நினைத்தாராம். அவருடைய கிளீனர் டீக்கடையில் நின்றுவிட்டிருக்கிறார்.

“பெரியவரே, நீங்க யாரு?”

“நான் கிளீனர்” என்றேன்.

“யாருக்கு?”

“என் தங்கச்சிக்கு.”

சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நல்ல மனிதர், ஓரமாக நிறுத்தித் தன் போனைக் கொடுத்தார். டீசல் போடும் இடத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தவள் கண்ணாடிச் சரக்கோடு வந்து என்னை ஏற்றிக்கொள்ள ஒரு மணி நேரம் போய்விட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு வேகமும் கூட்டவில்லை, எங்கும் நிற்கவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் நுழைந்தபோது நான்கு மணி அடிக்கப் பத்து நிமிடம். நாற்பது பலகையும் இறங்கின. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. இறக்கிய மேஸ்திரி, யாரு ஓட்டிட்டு வந்தது என்று கேட்டார். என் தங்கை என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, இது எவ்வளவு ஆபத்தான தொழில் என்பது தங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். ஒரே நாளில் ஒரு கம்பம், ஒரு முழங்கால், ஒரு ஆள் காணாமல் போனது. என் பேச்சை அவள் கேட்க மாட்டாள், கேட்கச் சொல்லும் யோக்கியதையும் எனக்குக் குறைவு. தாங்கள் சொன்னால் கேட்பாள். தாமதமின்றி வேலையை விடச் சொல்லவும். தங்களுக்கு நீண்ட ஆயுளும், கப்பலுக்கு அலையில்லாத கடலும் வாய்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மேலாளர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். தங்கையின் வேலை உறுதியாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் வாரம் மூன்று நடை. ஆனால் கிளீனரை மாற்றப்போகிறார்களாம், அனுபவமுள்ள ஆள் வேண்டுமாம். அவளிடம் கேட்டேன், கம்பெனி இஷ்டம் என்கிறாள். மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். அவள் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். கப்பலில் பேச நேரமில்லாவிட்டால், நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அவளுக்கு இரண்டே வார்த்தை எழுதினால் போதும்: அண்ணனும் வரட்டும்.