முக்காலியும் சி விங் குடும்பங்களும்

உட்காருவதில் முக்காலியை மிஞ்ச இந்த நாட்டில் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் மணிக்கணக்காக உட்கார்ந்த மகான்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் எதற்காகவோ காத்துக் கிடந்தவர்கள். முக்காலி ஒருவன்தான் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்தவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் மேற்படிப்பு படித்தபோது அவன் என் வகுப்பு. நான் கோயமுத்தூரிலிருந்து போனவன். அவன் அப்பாவுக்கு அதே ஊரில் கிர்க்கியில் பாதுகாப்புத் துறை உத்தியோகம். பையன் பிறந்து வளர்ந்தது அங்கேயே. தமிழை ஹிந்தியில் ஒரு முக்கு முக்கித்தான் வெளியே எடுப்பான். வாய்க்கு வாய் ‘யார்’ என்பான், நண்பா என்று அர்த்தம். எங்கே போனாலும் கக்கத்தில் கான்வாஸ் துணி போட்ட மடக்கு முக்காலி ஒன்று இருக்கும். இரண்டாவது மாதத்தில் அவன் நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

எங்களுக்கு ‘ஆராய்ச்சி முறைகள்’ என்று ஒரு பாடம். நடத்திய மேடம் மெலிந்தவர், கண்டிப்பானவர். "நீங்கள் பெஞ்சு வரைகிறீர்கள். அதில் யாராவது உட்கார்ந்தார்களா என்று போய்ப் பார்த்தீர்களா?" என்பார். வரையத் தெரிந்தவனுக்கு ஆள் எண்ணுகிற வேலை எதற்கு என்று நாங்கள் பின்வரிசையில் முணுமுணுப்போம். முக்காலி மட்டும் மந்திர உபதேசம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பான்.

ஏதாவது ஓர் இடத்தை ஒரு மணி நேரம் கவனித்து ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்றார் மேடம். முக்காலி கேன்டீனில் கை கழுவும் இடத்தை மூன்று நாள் கவனித்துப் பதினோரு பக்கம் எழுதினான். நான்கு குழாயில் இடது ஓரக் குழாயில் தண்ணீரே வராது. ஆனாலும் எச்சில் கையோடு வருகிற பத்தில் எட்டுப் பேர் முதலில் அதைத்தான் திறக்கிறார்கள், திட்டுகிறார்கள், மறுநாளும் வந்து அதையே திறக்கிறார்கள். பிரின்சிபால் அதே குழாயைத் திறந்தது ஐந்து தடவை என்று ஒரு தனிக் கட்டமும் போட்டிருந்தான். மறுவாரம் பிளம்பர் வந்தார்.

இறுதி ஆய்வுக்கு மேடம் எங்கள் இருவரையும் ஊர் ஓரத்தில் ஹடப்சரில் புதிதாகக் கட்டிய ஒரே குடியிருப்புக்கு அனுப்பினார். ஏ, பி, சி என்று மூன்று விங், நடுவே பூங்கா. அந்தப் பூங்கா அங்கே இருப்பவர்களுக்குப் பயன்படுகிறதா என்பது கேள்வி. அவன் உட்கார்ந்து பார்த்துக் குறிக்க வேண்டும். நான் வீடு வீடாகப் போய் அறுபது கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு வழியில் பார்த்தால் ஒன்றின் தப்பு இன்னொன்றில் தெரியும் என்பது மேடத்தின் ஏற்பாடு.

முக்காலி பூங்கா ஓரத்தில் கடை விரித்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைப்பான். முதல் வாரம் முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்துத் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று புகார் கொடுத்தார்கள். அதையும் பணிவாக எழுதிக்கொண்டான். இரண்டாவது வாரம் ஏ விங் அம்மாள் ஒருவர் டீயோடு வந்து, "தும்ஹி முலாகடச்சே கா?" என்று ரகசியமாகக் கேட்டாராம். நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரரா என்று அர்த்தம். பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவன் என்று சேதி பரவி, சாயங்காலமானால் குடியிருப்பே தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு பூங்காவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"நாலு நாள் டேட்டா போச்சு யார்," என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "எல்லாரும் ஏக்தம் நல்லவங்களா நடந்துக்கறாங்க. இதை வெச்சு நான் என்ன பண்றது?"

நாலு நாள் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு, உண்மையைச் சொல்லி ஒரு நோட்டீஸ் ஒட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தான்.

இனி என் லட்சணம். நான் அங்கே போனது ஒரே ஒரு நாள். ஏ விங்கில் மூன்று கதவு தட்டினேன். இரண்டு, என் மராத்தியைக் கேட்டதும் மூடிக்கொண்டன. மூன்றாவது, சீரியல் முடிந்து வரச் சொன்னது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹாஸ்டலுக்குத் திரும்பி, ஐந்து பேனா வாங்கி, அறுபது தாளையும் நானே நிரப்பினேன். சிலவற்றை இடது கையால் எழுதினேன். இரண்டு தாளில் டீ சிந்தினேன். பெயர்களுக்கு எங்கே போவது? எங்கள் வகுப்புப் பதிவேட்டிலிருந்த குடும்பப் பெயர்களையெல்லாம் அந்தக் குடியிருப்பில் குடியேற்றினேன். சி விங்குக்கு மட்டும் பதினெட்டுக் குடும்பம். அத்தனை பேரும் பூங்காவை ஓஹோ என்று புகழ்ந்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு மும்பையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்து இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இவர் சி விங்கில் பதினெட்டுக் குடும்பத்தோடு பேசியிருக்கிறார். நீங்கள் அத்தனை நாள் உட்கார்ந்தும் சி விங் வாசலில் ஒரு புள்ளிகூட இல்லை. இது எப்படி?" என்று முக்காலியைக் கேட்டார்.

அந்த விங்கை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. முக்காலி தன் வரைபடத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்: "சார், நான் சாயங்காலம் நாலு முதல் ஏழு வரைதான் பார்த்தேன். பார்க்காத நேரத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது."

மேடம் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்க எனக்குக் கிடைத்த இடம் அது. நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அவன் மறுபடி கவனித்து ஆறு மாதம் கழித்துச் சமர்ப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பு. தேர்ச்சி பெற்றால் அதே கல்லூரியில் அவனுக்கு ஆசிரியர் வேலை காத்திருந்தது. அது வேறு ஒருவருக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் என் தோளில் தட்டினான். "நீ கலக்கிட்டே யார். அந்த சி விங் ஆளுங்க எப்போ வெளியில வருவாங்க? காலையிலயா?"

"ஆமா, காலையில. சீக்கிரமாவே," என்றேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புமுன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு நாள் காலையில் ஹடப்சருக்கு பஸ் ஏறினேன். வாட்ச்மேன் என்னைத் தனியே கூப்பிட்டு ஹிந்தியில் குறைப்பட்டுக்கொண்டார். சி விங்குக்குத் தண்ணீர் இணைப்பே வரவில்லையாம், கட்டிய நாளாக ஒரு குருவிகூடக் குடி வரவில்லையாம். "அங்க உக்காந்திருக்காரே, அவர்கிட்ட தினம் சொல்றேன் சாப். கேக்க மாட்டேங்கிறார்."

முக்காலி சி விங் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நோட்டில் பக்கம் பக்கமாகப் பூஜ்யம்.

"வாடா. அஞ்சு மணியிலேர்ந்து பாக்கறேன். ஒரு ஆள்கூட வரலை. இந்த வாட்ச்மேன் வேற, யாருமே இல்லைன்றான்."

"அவன் சொல்றது சரியா இருக்கலாமில்ல?" என்றேன்.

"மத்லப்? என்னடா சொல்றே? நீ பதினெட்டு வீட்ல பேசியிருக்கே. நான் அவன் பேச்சை நம்பவா, உன் பேச்சை நம்பவா?"

சொல்ல வந்ததற்குப் பதிலாக வேறொன்று சரளமாக வந்தது. "தண்ணி வரலைன்னு காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்கடா. அப்பவே சொல்லிட்டிருந்தாங்க."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அதான் விஷயமா! நீ சொன்னதா எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான். என் பெயரைப் போட்டு, நன்றியும் சொல்லி, அப்படியே சமர்ப்பித்துத் தேறினான். அந்தக் கல்லூரி நூலகத்தில் அவன் ஆய்வு இன்னும் இருக்கும். அத்தனை பக்கத்தில் பொய் ஒரே ஒரு வரிதான். அதை அவன் என்னிடமிருந்து வாங்கினான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கட்டடம் கட்டிவிட்டேன். அந்த வரியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. என்னை யாரும் அப்படி நம்பியதில்லை. நம்பும்படி நானும் இருந்ததில்லை.

இப்போது நாசிக் பக்கம் ஏதோ கல்லூரியில் பாடம் நடத்துகிறானாம். இது அச்சாகிற பத்திரிகையை அவனுக்கு அனுப்பப்போகிறேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு நாள் முழுக்க ஆகலாம். ஆனால் ஒரு வரி விடமாட்டான். அதனால் கடைசியை அவனுக்குப் புரிகிற மாதிரி சின்னச் சின்னதாக எழுதுகிறேன்.

சி விங்கில் யாரும் இல்லை. எப்போதும் இல்லை. நீ சரியாகத்தான் பார்த்தாய், முக்காலி.